நூதனசாலைத் தராசு

தாய்சேய் நலத்தை லண்டனைப் போலக் கட்டிக் காக்கும் நகரம் பூலோகத்தில் வேறில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியல்லவா காக்கிறது!

இல்ஃபோர்டில், துஷ்யாவின் வீட்டுக்கு அடுத்த தெருவில், நகரசபை 1913இல் கட்டிய பிரசவ ஆஸ்பத்திரி இப்போது பழம்பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் நூதனசாலை. அந்தக் காலத்தில் தாயைப் பதினான்கு நாள் படுக்கையில் வைத்திருந்தார்களாம். பிள்ளையைத் தினமும் நிறுத்தார்களாம். காட்டுமிராண்டிக் காலம்! துஷ்யாவை ‘நவீன’ ஆஸ்பத்திரி ஆறே மணித்தியாலத்தில் வாழ்த்தி அனுப்பிவிட்டது.

பிள்ளைக்குப் பன்னிரண்டு நாள். பால் குடிக்கும்போதே தூங்கிவிடுகிறான். மெலிந்துகொண்டு போகிறானோ என்று துஷ்யாவுக்குச் சந்தேகம். கிளினிக்குக்குப் போன் அடித்தாள். வரவேற்பில் இருந்த மாதங்கி, பெயரைக் கேட்டதும் சென்னைத் தமிழுக்கு மாறினாள்.

“எடை குறைஞ்சிருந்தா இன்னைக்கே பார்ப்போம்மா.”

“குறைஞ்சிருக்கோ எண்டு தெரியத்தானே நிறுக்கக் கேக்கிறன்.”

“நிறுக்கிறதுக்கு ஆறு வாரம் கழிச்சுத்தான் இடம். குறைஞ்சிருந்தா உடனே கூப்பிடுங்க.”

துஷ்யா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நூதனசாலைக்கு நடந்தாள். அங்கே காவலர் கிருஷ்ணராசா, 1913ஆம் ஆண்டுத் தொப்பியோடு, பித்தளைத் தராசில் ஒரு பொம்மையைப் பயபக்தியாக நிறுத்துக்கொண்டிருந்தார். தராசை மாதந்தோறும் நிபுணர் வந்து சரிபார்க்கிறார்.

“ஏழு றாத்தல். ஒருநாளும் குறைஞ்சதில்லை,” என்றார் பெருமையாக.

“அண்ணை, என்ர பிள்ளையையும் ஒருக்கா நிறுங்கோவன்.”

“ஏலாது தங்கச்சி. இதில காட்சிப்பொருள் மட்டும்தான் வைக்கலாம்.”

“அப்ப இவனையும் காட்சிப்பொருள் எண்டு எழுதுங்கோ!” துஷ்யா பிள்ளையைத் தராசுக்கு நேரே நீட்டினாள்.

கிருஷ்ணராசா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு இரவல் பொருள்களுக்கான படிவத்தை எடுத்து முறைப்படி நிரப்பினார். ‘எண்ணிக்கை: ஒன்று. காலம்: நடப்பு நூற்றாண்டு. நிலை: அழுகிறது. கசிவு: உண்டு.’

ஐந்து றாத்தல் ஒன்பது அவுன்ஸ். பிறந்தபோது ஆறரை றாத்தல்.

அன்று மாலையே பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். “இன்னும் இரண்டு நாள் போயிருந்தால்...” என்று தொடங்கிய டாக்டர் வசனத்தை முடிக்கவில்லை. நாலாம் நாள் பிள்ளை தேறி வீட்டுக்கு வந்தான்.

நடந்த தவறைக் கிளினிக் அக்கறையோடு ஆராய்ந்தது. மறுவாரமே சுற்றுவட்டாரத்துப் புதுத் தாய்மார் எல்லோருக்கும் குறுஞ்செய்தி போயிற்று:

‘உங்கள் பிள்ளையை நிறுக்க, அருகிலுள்ள நூதனசாலைக்குச் செல்லவும். பொம்மையை நிறுக்கும் நேரங்களில் தயவுசெய்து காத்திருக்கவும்.’