போதும் என்றால் இரண்டு கைகளும் மேலே

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் முழுசாக இருக்கிறோம். அங்கே நீயும் அத்தானும் அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 'நலம்' என்று எழுதாமல் 'முழுசாக' என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. பந்தயத்துக்கான சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அன்று, "என் பொண்ணு மேல ஒரு கீறல் விழுந்தாலும் உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்டா" என்று நீ சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. கீறல் விழவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படி. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பாதியிலேயே கத்துவாய், கடிதத்தில் அந்த வசதி கிடையாது.

என் வீட்டில் தங்கி உன் மகள் படிக்கிற பள்ளியில் ஐந்து பிள்ளைகள் சேர்ந்து பேட்டரி கார் கட்டியதும், அதை ஓட்ட அவளைத் தேர்ந்தெடுத்ததும் உனக்குத் தெரியும். பந்தய விதிப்புத்தகம் எழுபது பக்கம். மூன்றாம் பக்கத்திலேயே, அணிக்கு ஒரு பெரியவர் பாதுகாப்புப் பொறுப்பாளராக இருந்தே ஆக வேண்டும் என்று போட்டிருந்தது. "எங்க மாமா லிஃப்ட் ரிப்பேர் பண்றவர், இருபது வருஷத்துல ஒருத்தரையும் கீழே விட்டதில்லை" என்று உன் மகள் சொல்ல, அறிவியல் டீச்சர் என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார். நானும் தலைகால் புரியாத சந்தோஷத்தில் அந்தப் புத்தகத்தை உருப்போட ஆரம்பித்தேன். பதினோராம் விதிதான் முக்கியம். ஆபத்து என்றால் சொல்வதற்கு அணிக்கென்று ஒரே ஒரு சொல் இருக்க வேண்டும். அதை யார் சொன்னாலும், ஏன் என்று கேட்காமல், கையில் இருப்பதை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்க வேண்டும். ஓட்டுபவர் வண்டியை நிறுத்தி, பத்து விநாடிக்குள் வெளியே வந்து கைகளைத் தூக்க வேண்டும்.

என்ன சொல் வைப்பது என்று இரண்டு நாள் விவாதம். 'நில்லு' வேண்டாம், ஏனென்றால் "நில்லு, ஸ்பேனர் எடுத்துட்டு வரேன்" என்று நாள் முழுக்க யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். 'நிறுத்து' என்றால் ஹெல்மெட்டுக்குள் 'நிமிர்த்து' என்று கேட்கிறது, ஒருத்தி ஸ்டியரிங்கை நிமிர்த்தவே பார்த்தாள். கடைசியில் என் மூளையில் உதித்ததுதான் 'போதும்'. ஹெல்மெட்டுக்குள்ளும் கணீரென்று கேட்டது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். நம் ஆட்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'போதும்' சொல்வார்கள் என்று யோசித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

பத்து நாள் பயிற்சி கொடுத்தேன் அக்கா, காலையிலும் மாலையிலும். பதினோராம் நாள் சாப்பாட்டு மேஜையில் என் பெண்டாட்டி எனக்குப் பரிமாறிக்கொண்டே "போதுமா?" என்றாள், நான் "போதும்" என்றேன், எதிரே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த உன் மகள் டம்ளரை அப்படியே விட்டுவிட்டுக் கைகளைத் தூக்கினாள். உடைந்தது கண்ணாடி டம்ளர், நனைந்தது என் சட்டை. மறுநாள் வகுப்பில் கணக்கு வாத்தியார் "சரி, இன்னைக்கு இது போதும்" என்றாராம், ஐந்து பேரும் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்கள். அவர் முப்பது வருட வேலையில் இத்தனை கை ஒன்றாகத் தூக்கிப் பார்த்ததில்லை போல, "அடடா, இவ்வளவு சந்தேகமா!" என்று பூரித்துப் போய் இன்னும் அரை மணி நேரம் பாடம் எடுத்தார். மற்ற பிள்ளைகள் இவர்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். சொல்லை மாத்திடலாமா என்று டீச்சர் கேட்டார். "பழகின சொல்லைப் பந்தயத்துக்கு முந்தின வாரம் மாத்தறதுதான் ஆபத்து" என்று நான்தான் ஒற்றைக் காலில் நின்றேன்.

பந்தய நாள் காலை வண்டியைப் பரிசோதிக்க ஓர் அம்மா வந்தார். சிரிப்பு என்பதை வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்தவர். பிரேக் சரி, பெல்ட் சரி. "தீயணைப்புக் கருவியை எடுங்க" என்றார். அது வழியில் கழன்று விழக் கூடாது என்று முந்தின நாள் நான் என் கையாலேயே நாலு போல்ட் போட்டு, லிஃப்ட்டுக்குப் போடுகிற மாதிரி முறுக்கியிருந்தேன். மூன்று பேர் இழுத்தும் அசையவில்லை. "தீப் பிடிச்சா, ஸ்பேனர் வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுன்னு தீகிட்ட சொல்வீங்களா?" என்றார் அந்த அம்மா. இருபது நிமிடம் கெடு. தவறினால் வண்டி ஓடாது, ஆறு மாத உழைப்பு மண்ணாகும். நான் ஸ்பேனரைத் தேடினேன். உன் மகள்தான் "மாமா, தள்ளுங்க" என்று குனிந்து போல்ட்டுகளைக் கழற்றி, இழுத்தால் வந்துவிடுகிற பட்டையைப் போட்டு, பதினாறாவது நிமிடம் ஒரே கையால் கருவியை எடுத்துக் காட்டினாள். பரிசோதகர் பச்சை ஸ்டிக்கரை ஒட்டினார்.

பந்தயத்தைப் பற்றி என்ன சொல்ல! இருபது சுற்று. பன்னிரண்டாம் இடத்தில் கிளம்பியவள், அவசரப்படாமல், மஞ்சள் கொடி காட்டினால் அடங்கி, பச்சை காட்டினால் பறந்து, கடைசிச் சுற்றில் முதல் இடத்துக்கு வந்துவிட்டாள். பெரிய பெரிய பள்ளிக்கூடத்து வண்டிகள் பின்னால் வருகின்றன. அப்போதுதான், முடிவுக் கோட்டுக்கு நூறு அடி இருக்கும்போது, வண்டியிலிருந்து லேசாகப் புகை வருவதை என் அனுபவக் கண் கண்டுபிடித்தது. ஒரு நொடி கூடத் தாமதிக்காமல் வயர்லெஸ்ஸில் "போதும்" என்றேன். வண்டி நின்றது. ஆறு விநாடியில் வெளியே வந்து கைகளைத் தூக்கி நின்றாள். இந்தப் பக்கம் நாலு பேரும் கைகளைத் தூக்கி நின்றார்கள். எட்டு வண்டிகள் தாண்டிப் போன பிறகுதான் எங்கள் வண்டியைக் கோட்டுக்கு அப்பால் தள்ள விட்டார்கள்.

ஒன்பதாம் இடம். ஆனால் பாதுகாப்புக் கோப்பை நமக்குத்தான்! சிரிக்காத அந்த அம்மாவே கொடுத்தார். "ஜெயிக்கப் போற நேரத்துல, ஒரு சொல்லுக்காக நின்ன பிள்ளையை நான் பார்த்ததில்லை" என்றார். ஆபத்தை உரிய நேரத்தில் கண்ட பொறுப்பாளரையும் பாராட்டினார் என்பதைத் தன்னடக்கத்தோடு குறிப்பிடுகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் உடம்பைப் பார்த்துக்கொள், மருந்தை மறக்காதே. கோபம் இருந்தால் பதில் கடிதத்தில் காட்டு, வாசப்படியில் காட்டாதே.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உன் மகள் இதைப் படித்துவிட்டாள். "உண்மையை எழுதுங்க மாமா, இல்லைன்னா நான் எழுதுவேன்" என்று பேனாவை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள். எழுதுகிறேன். புகை எதுவும் வரவில்லை. பந்தயம் முடிந்து கால் மணி நேரம் வண்டியைப் பிரித்துப் பார்த்தார்கள், ஒரு கம்பிகூடச் சூடாகவில்லை. அவள் முதலில் வருவதைப் பார்த்ததும் என் கண்தான் கலங்கிவிட்டது, எல்லாமே புகைமூட்டமாகத் தெரிந்தது. வயர்லெஸ் வாயருகே இருப்பதை மறந்து, "என் தங்கமே, இது போதும்டி எனக்கு, இந்த ஜென்மத்துக்கு இது போதும்!" என்று சொல்லித் தொலைத்தேன். அவள் நின்றுவிட்டாள். அப்புறம் அவள் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். "போதும்னா நிக்கணும், ஏன்னு கேக்கக் கூடாது. அதான் விதி. நின்னேன்" என்றாள், அவ்வளவுதான். பிறகு தனியாகப் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள், அதையும் நான் பார்த்தேன். இன்று அணி கூடி விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கையால் ஒரு விதி சேர்த்திருக்கிறது: 'மாமா கையில் வயர்லெஸ் கொடுக்கக் கூடாது.' எழுதியவள் உன் மகள்தான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது அக்கா.