வேகத்தடை மேல் ஒரு தேர்க்கோலம்

தெருவில் வேகத்தடை வேண்டுமா என்று கேட்டால் எல்லோரும் கையைத் தூக்குவார்கள். யார் வீட்டுக்கு எதிரில் போடலாம் என்று கேட்டால் தூக்கிய கையால் தலையைச் சொறிவார்கள். இந்த உலக உண்மை தெரியாத வயதில் நான் கள்ளக்குறிச்சிக்கு மருமகளாக வந்தேன். (வயது இருபத்தாறு. தெரிந்திருக்க வேண்டிய வயதுதான்.)

எங்கள் தெரு பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கு வழி. மினி பஸ் முதல் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் வரை எல்லாம் இதில்தான் பறக்கும். (டிராக்டர் பறக்குமா என்று கேட்பவர்கள், லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் டிராக்டரைப் பார்த்ததில்லை.) பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை ஒரு நாள் சைக்கிளோடு சாக்கடையில் இறங்கித் தப்பித்தது. அதன் பிறகு பிள்ளையார் கோயில் எதிரில் கூட்டம் போட்டார்கள். கவுன்சிலரும் வந்தார்.

துணிக்கடை பாய் வேகத்தடை இல்லாமல் இனி ஒரு நாள்கூட முடியாது என்று முழங்கிவிட்டு, தன் வீட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம், பிரேக் சத்தத்தில் அம்மாவுக்குத் தூக்கம் கெடும் என்று முடித்தார். டிராக்டர் வைத்திருந்த கோவிந்தன் கரும்பு லோடு சரியும் என்றார். வாசலுக்கு நேரே மேடு இருந்தால் லட்சுமி வீட்டுக்குள் வர மாட்டாள் என்றார் கடைசி வீட்டுக்காரர். (லட்சுமி என்ன மினி பஸ்ஸிலா வருகிறாள் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. புது மருமகள், அடக்கிக்கொண்டேன்.)

ஆனால் அடுத்ததை அடக்கவில்லை. கூட்டம் கலையப் போகும் நேரம் எழுந்து நின்று, எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். தெருவே கைதட்டியது. என் மாமியாரைத் தவிர.

திரும்பி வரும்போது அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஏம்மா செல்வி, நீ இந்த வூட்டுக்கு வந்து எத்தினி மாசம் ஆவுது?"

வேகத்தடை வந்தது. கல்வராயன் மலையில் ஒரு துண்டை வெட்டிக் கொண்டுவந்து கவிழ்த்த மாதிரி கறுப்பாக, குண்டாக இருந்தது. வெள்ளைக் கோடு பிறகு அடிப்போம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான்.

இந்த நேரத்தில்தான் என் நாத்தனார் மலரைப் பெண் பார்க்க மணலூர்பேட்டையிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்துப் பார்த்தே மலர் போனில் சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைக்கும் அதே நிலைமைதான். சிக்கல் அவருடைய அம்மா. அந்த அம்மாவுக்குத் தன் அண்ணன் மகளை எடுக்க ஆசை. மகன் பிடிவாதத்துக்காக வருகிறார், பிடிக்கவில்லை என்றால் சபையிலேயே முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார் என்று தரகர் எச்சரித்திருந்தார். மலர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அத்தைக்குக் கவலை முழுவதும் வாசலில் இருந்த மேட்டின் மேல்.

"வர்றவங்க கண்ணுல மொதல்ல இதுவா படணும்? நீதான கேட்டு வாங்கின. நீயே எதனா பண்ணு" என்றார்.

பண்ணினேன். கேட்டில் தொடங்கி, மேட்டின் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கும்படி ஒரு பிரம்மாண்டமான தேர்க்கோலம். கலர்ப்பொடி தீர்ந்து மஞ்சள்தூளை எடுத்தேன். முடித்துவிட்டு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் மேட்டையே காணோம். ரோடு தட்டையாகத் தெரிந்தது. அத்தைகூட "பரவால்ல" என்றார். கல்யாணமாகி வந்து நான் வாங்கிய முதல் பாராட்டு அது. (அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.)

தெருக்காரர்களுக்கு மேடு இருப்பது தெரியும். மணலூர்பேட்டை வேன் டிரைவருக்குத் தெரியாது. கோலத்தைப் பார்த்ததும், வீடு கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அவர் ஆக்சிலரேட்டரை அழுத்தினார். வேன் எழும்பியது. ஜன்னல் வழியாக ஒரு சீப்பு வாழைப்பழம் பறந்து வந்து தேரின் உச்சியில் விழுந்தது.

மாப்பிள்ளையின் அம்மா கடைசி சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்திருக்கிறார். அண்ணன் மகளுக்கு என்ன குறைச்சல் என்று கேட்கும் அந்த நொடியில் வேன் கீழே இறங்கியது. பல்லுக்கு நடுவில் நாக்கு மாட்டிக்கொண்டது.

வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய அவர் இறங்கியதைப் பார்த்ததும் எனக்கு அந்த மேட்டுக்கடியிலேயே புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. சமையலறையில் மலர் அழுதுகொண்டிருந்தாள். "ரொம்ப நல்லா கோலம் போட்டீங்க அண்ணி" என்றாள். அந்த ஒரு வரி இன்றைக்கும் குத்துகிறது.

அத்தை ஐஸ் கட்டி கொடுத்தார். மாப்பிள்ளையின் அம்மாவால் கேசரி சாப்பிட முடியவில்லை, காபி குடிக்க முடியவில்லை. மலர் வந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். கூடம் முழுக்க அந்த அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் "அ... அண்..." என்று தொடங்கி, வலி தாங்காமல் ஐஸ் கட்டியை மறுபடி வைத்துக்கொண்டார்.

அப்போது மாப்பிள்ளையின் அப்பா மனைவியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். வீட்டில் அவர் ஒரு வாக்கியத்தையும் முழுசாகப் பேசி முடித்ததில்லை என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க. தை மாசமே வெச்சிக்கலாம்."

அந்த அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"பாருங்க, அவளும் அதத்தான் சொல்றா" என்றார் அவர், திரும்பாமலேயே.

மறுநாள் காலை அத்தை சுண்ணாம்பைக் கரைத்து மேட்டின் மேல் அவரே பட்டை பட்டையாகக் கோடு அடித்தார். என் கோலம் அன்றிலிருந்து கேட்டுக்கு உள்ளேதான்.

தையில் கல்யாணம் நடந்தது. இப்போது மலருக்கு இரண்டு பிள்ளைகள். மாமியாரும் மருமகளும் ஒரே கட்சி. அண்ணன் மகளின் கல்யாணத்துக்குக்கூட இருவரும் ஒரே கலரில் புடவை கட்டிக்கொண்டு போனார்கள். ஆனாலும் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சம்பந்தியம்மா பத்தடி முன்னாலேயே காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவார். கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு மேட்டைத் தாண்டி, இந்தப் பக்கம் வந்துதான் வாயைத் திறப்பார். "இன்னா செல்வி, இன்னிக்கி கோலம் ஒண்ணும் இல்லியா?"

அவர் வீட்டுக்காரர் காரிலேயே உட்கார்ந்து வருவார். மேட்டின் மேல் சக்கரம் ஏறும்போது, கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.