வாயால் சொல்லாத கலியாணம்

மகளின் கலியாணத்துக்கு ஒரு வீட்டுக்கும் போய்ச் சொல்வதில்லை என்று கனகசிங்கம் முடிவெடுத்தார். உலகம் இடிந்தாலும் இந்த முடிவு இடியாது. உலகம் இடிந்தால் இன்னும் நல்லது. கலியாணமே சொல்லத் தேவையில்லை.

ஆனால் களுவாஞ்சிக்குடியில் வெறும் கார்ட்டுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். பெண்ணைப் பெற்றவன் படியேறி வந்து வாயால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மண்டபத்தில் மகள் யசோதினியும் மாப்பிள்ளையும் மட்டும் எதிரெதிரே இருந்து சாப்பிட வேண்டியதுதான்.

"எனக்குத் தனிமைதான் பிடிக்கும். அது என்ட சுபாவம்" என்றார் மனைவி சுலோஜனாவிடம்.

"தனிமை பிடிச்ச மனிசன் தனிய இரிக்கக்குள்ள நிம்மதியா இரிப்பான். நீங்க இரிக்கிறீங்களா?"

"ஓம். இரிக்கன்தானே."

"எங்க? வாவிக்கரையில தனியக் குந்திக்கொண்டு, போன வருசம் என்ட அக்கா கேட்டதுக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் எண்டு இப்ப யோசிக்கிறீங்க. வேர்க்குது வேற."

"வெயில்."

"மழைக்குள்ளயுமா?"

வாவிக்கரையில் ஒரு கொக்கும் அவரும்தான் இருப்பார்கள். கொக்கு நிம்மதியாக நிற்கும். அவருடைய தலைக்குள் ஊரே கூடியிருந்து அவரை விசாரிக்கும். மனிதருக்குப் பயந்து ஒளிந்த இடத்துக்கு அவர் தனிமை என்று பெயர் வைத்திருந்தார். உண்மையான தனிமை அவருக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை.

"நீ போய்ச் சொல்லன்."

"நான் தனியப் போனா, தகப்பனுக்குச் சம்மதமில்லையாம் எண்டு கதை கட்டுவாங்க. புள்ளைக்குத்தான் கூடாது."

"விடுங்கம்மா, அப்பா பாவம்" என்றாள் யசோதினி. அவள் கோபித்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"சரி, போறதெண்டா வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் போயிராதீங்க" என்றாள் சுலோஜனா. "எல்லாரும் பூசைக்குப் போயிருவாங்க. ஒரு வீட்டிலயும் ஆள் இராது."

வெள்ளிக்கிழமை பின்னேரம் கனகசிங்கம் வெள்ளை வேட்டி உடுத்துச் சைக்கிளில் புறப்பட்டார்.

சுலோஜனாவின் தமக்கை அன்னப்பூரணி வீட்டில் பூட்டு. எவ்வளவு அழகான பூட்டு! கார்ட்டைக் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டு, நிமிர்ந்து நின்று, "எல்லாரும் குடும்பமாக் கட்டாயம் வரணும்" என்று பூட்டைப் பார்த்துச் சொன்னார். நாக்குக் குழறவில்லை. அடுத்த வீட்டிலும் பூட்டு. அங்கே சிரித்துக்கொண்டே சொன்னார். கடைசிப் பூட்டிடம் சுகமும் விசாரித்தார்.

பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி வீட்டுப் படலையைத் திறந்தார்.

முற்றம் நிறையச் சனம். பூட்டின வீட்டுக்காரர் அத்தனை பேரும் கலியாணப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்க தம்பி, ஊர் சுத்திப்போட்டு வாறீங்களோ?" என்றாள் அன்னப்பூரணி, கையெல்லாம் மாவோடு.

"கலியாணம் சொல்லத்தான் போனவர்" என்றாள் சுலோஜனா. "இப்ப எல்லாரும் ஒரே இடத்தில இரிக்காங்க. ஒரு தரம் சொன்னாப் போதும். சொல்லுங்க."

எல்லா முகங்களும் அவர் பக்கம் கிறுகின. பூட்டுகளிடம் சொன்ன வசனத்தில் ஒரு சொல்லும் மிச்சமில்லை. ஓடிவிடலாம். ஆனால் யசோதினி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"எல்லாரும்..." என்றார். "இப்பிடிக் கூட்டமா வேணாம். நானே வாறன். ஒவ்வொரு வீட்டுக்கும்... தனித்தனிய வந்து சொல்றன்."

சுலோஜனா அடுத்த முறுக்கை எண்ணெய்க்குள் போட்டாள்.

"கேட்டீங்கதானே? நாளைக்கு விடிய வெள்ளன வாறாராம். ஒவ்வொரு வீட்டிலயும் இருந்து தேத்தண்ணி குடிச்சிப்போட்டுத்தான் எழும்புவார்."