கத்தரி சாரின் மூன்று வரி

அகராதியின் புதுப் பதிப்பு அச்சுக்குப் போகிற நேரம் பார்த்து ஆசிரியர் போன் செய்தார். ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறதாம்.

அது ஆங்கிலம்-தமிழ் அகராதி. விட்டுப்போன சொல் ‘இன்டர்போலேட்’. ஒருத்தர் எழுதியதற்கு நடுவே இன்னொருத்தர் தன் சரக்கைச் செருகி வைப்பதைச் சொல்லும் சொல். அதைச் செருகும் பொறுப்பு கத்தரி சார் தலையில் விழுந்தது. நல்லவேளை, அந்தப் பக்கத்தில் மூன்று வரி இடம் சும்மா கிடந்தது. அதற்கு மேல் ஒரு எழுத்து போகக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் ஆசிரியர் போனை வைத்தார்.

கத்தரி சாருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் இருக்கத்தான் செய்கிறது. ஆபீசில் அது யாருக்கும் ஞாபகம் இல்லை. மற்றவர்கள் எழுதி அனுப்புவதை வெட்டித் தள்ளுவது அவர் வேலை. அதில் மனிதர் புலி. ஆனால் அந்தத் தடிப் புத்தகத்தில் அவர் கைப்பட எழுதியது என்று ஒரு சொல்கூடக் கிடையாது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் மைத்துனன் அதன் பழைய பதிப்பைத் தூக்கி வைத்துக்கொண்டு, இதில் மாமா எழுதியது எது என்று விசாரிப்பான். மனைவியும் அவள் தம்பியும் சேர்ந்து சிரிப்பார்கள். கத்தரி சாருக்குச் சோறு இறங்காது.

அவர் உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

"உன் தம்பியை ராத்திரி சாப்பிட வரச் சொல்லு. ஒண்ணு காட்டணும்."

பிறகு தடித்தடியான புத்தகங்களுக்குள் தலையை விட்டார். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு முதலில் செருகுவது என்ற பொருளே இல்லை. பழசைத் தேய்த்துப் புதுசு மாதிரி ஆக்குவதுதான் பொருள். பழைய துணிக்குச் சொன்னதாம். அப்புறம்தான் பழைய ஏட்டில் கைவைப்பது, நடுவில் நுழைப்பது என்று தடம் மாறியது. நாம் செருப்புக்குப் போடும் பாலிஷ்கூட இதற்குப் பங்காளி என்கிறார்கள். கத்தரி சாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே எழுதினார். மூன்று வரி, அரைப் பக்கம் ஆனது.

லேஅவுட் பார்க்கும் பெண் அதைப் பக்கத்தில் ஏற்றினாள். ஏற்றிவிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினாள். கீழே ‘இன்டெஸ்டைன்’ என்ற சொல்லுக்குப் போட்டிருந்த குடல் படம் அடுத்த பக்கத்துக்குத் தாவி, ‘இன்டிமேட்’டுக்குக் கொடுத்த ‘நெருங்கிய நண்பர்’ என்ற பொருளுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது.

குடலை மேலே இழுக்க வேண்டுமே என்று ‘இன்டர்வியூ’வில் கைவைத்தார். அதற்கு இரண்டு பொருள் எதற்கு, ஒன்று போதாதா? ஒன்றை வெட்டினார். வேறு எங்கேயோ, ‘இன்டர்வியூவின் இரண்டாம் பொருளைப் பார்க்க’ என்று ஒரு சொல் அநாதையாக நின்றது. அதையும் வெட்டினார். அங்கே ஒரு ஓட்டை விழுந்தது. ஓட்டையை அடைக்க எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார். குடல் மறுபடி இறங்கிவிட்டது.

அச்சகத்திலிருந்து போன் வந்தபடி இருந்தது. மிஷின் சும்மா நிற்கிறது, இப்போது வராவிட்டால் அந்தச் சொல் இல்லாமலே ஓட்டிவிடுவோம் என்று மிரட்டினார்கள். கத்தரி சாருக்கு மைத்துனன் முகம் கண்முன் வந்தது.

"எல்லாத்தையும் பழையபடி வெச்சிடும்மா," என்றார்.

வெட்டியது எல்லாம் திரும்பி வந்தது. பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டு தன் சொல்லையே வெட்ட ஆரம்பித்தார். பாலிஷ் போனது. பழைய துணி போகும்போது கண் கலங்கிவிட்டது. வேர் கொஞ்சம், பொருள் கொஞ்சம் என்று மூன்று வரி மிஞ்சியது. கச்சிதமாக உட்கார்ந்தது. குடலும் தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. பக்கம் அச்சுக்குப் போய்விட்டது.

கத்தரி சார் அந்த மூன்று வரியைச் சத்தம் போட்டுப் படித்தார். தாங்கவில்லை, இன்னொரு தடவை படித்தார். இனி மைத்துனன் என்ன, அவன் வம்சமே வந்து கேட்கட்டும். தன் வாழ்நாளில் சொந்தமாக எழுதிய ஒரே சொல், யாரும் ஒரு புள்ளியைக்கூட அசைக்க முடியாது என்று அந்தப் பெண்ணிடம் பெருமை அடித்துக்கொண்டார்.

அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

"நீங்க படிக்கும்போதுதான் சார் ஞாபகம் வருது. வார்த்தைக்கு வார்த்தை இதே மூணு வரி போன மாசம் வரைக்கும் அங்கதான் இருந்துச்சு. ‘நடுவுல யாரோ சொருகியிருக்காங்க, தூக்கிடு’ன்னு ஓரத்துல எழுதிக் குடுத்ததே நீங்கதானே?"