ஓடைக்கரை சாத்தனும் இரண்டு மேற்கோள் குறிகளும்

ஒரு காட்டில் அநியாயம்கூட வரிசைப்படிதான் நடந்தது. முதலில் ஓடையை வேலி போட்டு எடுத்துக்கொண்டார்கள். அடுத்து, ஓடை எங்கே என்று கேட்கக் கூடாது என்றார்கள். அதற்கும் அடுத்து, கேட்பவர்களைத் துரத்த ஒரு கணினி வாங்கினார்கள்.

கணினிக்குள் ‘துரத்து’ என்றொரு நிரல் இருந்தது. பெயரைக் கொடுத்தால் போதும், சிறுத்தைகள் வந்து ஆளை எல்லைக்கு வெளியே தள்ளிவிடும். அதை நேராகத் தொடக் காட்டை ஆண்ட சிங்கத்துக்குக் கூச்சம். ஆகவே நரி அதற்கு முன்னால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்தது. ஸ்கிரிப்ட் பெயரை வாங்கி, ‘மக்கள் நலன் கருதி’ என்று ஒரு வரி அச்சடித்துவிட்டு, பெயரை உள்ளே நிரலிடம் கொடுக்கும்.

அங்கே எல்லோருக்கும் ஒரே சொல்லில்தான் பெயர். முள்ளம்பன்றி சாத்தன் மட்டும், ஓடை பறிபோன அன்றே எதிர்ப்பாக ‘ஓடைக்கரை சாத்தன்’ என்று பதிந்துகொண்டார்.

சிங்கம் முதலில் துரத்தச் சொன்னது அவரைத்தான். ஆனால் பெயரை உள்ளே கொடுக்கும் இடத்தில், இரண்டு சொல்லையும் ஒரே பெயராகக் கட்டிவைக்கும் மேற்கோள் குறிகளை நரி போடவில்லை. இடைவெளியில் பெயர் இரண்டாகப் பிய்ந்தது. ‘ஓடைக்கரை: அப்படி யாரும் இல்லை’ என்றது நிரல். அடுத்து ‘சாத்தன்’ என்று படித்தது. அந்தப் பெயரில் ஒரு முயல் இருந்தது. கிழங்கும் கையுமாக அதைத் தூக்கிப் போய்விட்டார்கள்.

ஓடைக்கரை சாத்தன் கொதித்தார். விலங்குகளைத் திரட்டிக்கொண்டு கணினி அறை வாசலில் உட்கார்ந்தார். கொடுத்த பெயரைக் கொடுத்தபடியே உள்ளே சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை.

நரி அவரைத் தனியே கூப்பிட்டது. “அண்ணே, அது சரியா ஓடாததாலதான் நீங்க இன்னும் இங்க உட்கார்ந்திருக்கீங்க.”

“நான் இருக்கிறதா முக்கியம்? ஒரு அப்பாவி போயிருக்கான்.”

“குறி போட்டா முயல் வந்துடுமா? துரத்தினவங்களைத் திருப்பிக் கூப்பிட அதுல வழியே இல்லை.”

“இனிமே யாரும் அடுத்தவனுக்காகப் போகக் கூடாது. போடு.”

“கொஞ்சம் யோசிங்க அண்ணே.”

“யோசிக்கிறவன் போராட வரமாட்டான்.”

சிங்கம் அன்று மாலையே பணிந்தது. எந்தக் கோரிக்கைக்கும் அது இவ்வளவு சந்தோஷமாகப் பணிந்ததில்லை. நரி மேற்கோள் குறிகளைப் போட்டது.

“சரியாயிடுச்சான்னு ஓட்டிப் பார்க்கணுமே,” என்றது போராட்டக் குழுச் செயலாளரான குரங்கு. “நடுவுல இடைவெளி உள்ள பெயர் யாருக்கு இருக்கு?”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் முட்களைச் சிலிர்த்துப் பெருமையாக எழுந்து நின்றார்.

நரி விசையை அழுத்தியது. சாட்சியாக நின்ற விலங்குகளுக்குக் கேட்கும்படி, திரையில் வந்த பெயரைக் குரங்கு உரக்கப் படித்தது:

“ஓடைக்கரை சாத்தன்.”

நீதி: அரசாங்கத்தின் பிழையைத் திருத்தப் போராடும் முன், அந்தப் பிழைதான் உங்களைக் காப்பாற்றி வருகிறதா என்று விசாரியுங்கள். ஆம் என்றால், பிழைக்கு ஒரு மாலை வாங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.