டைம் கீப்பரின் ஓட்டு

மனைவியைத் திருத்தியே தீர்வது என்று அந்தத் தேர்தலில் டைம் கீப்பர் முடிவு கட்டினார். டிப்போவில் எத்தனையோ பஸ்களை நேரத்துக்குக் கிளப்பியவர். வீட்டில் ஒருத்தியைச் சரியான கட்சிப் பக்கம் கிளப்ப முடியாதா?

வார்டில் இரண்டு பேர் போட்டி. ஒருவர் வக்கீல். டைம் கீப்பரின் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டு ஓட்டு வக்கீலின் கட்சிக்குத்தான். இன்னொருவர் மருந்துக்கடை அம்மா. கட்சியும் இல்லை, கொடியும் இல்லை.

"ஜனங்க எதைப் பார்த்து ஓட்டுப் போடறாங்க தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

"எதைப் பார்த்து?" மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சான்னு ஒருத்தனுக்கு, கும்பிட்டான்னு ஒருத்தனுக்கு. கொள்கையை யாரு பார்க்கறா? வாக்குக் கொடுக்கறவனுக்கு வாக்கைக் கொடுத்துட்டு, அப்புறம் அஞ்சு வருஷம் வாக்குவாதம்."

"வக்கீலோட கொள்கை என்ன?"

"சொன்னா உனக்குப் புரியாது."

"உங்களுக்குச் சொன்னாங்களா?"

டிப்போவுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார். அன்று அவருக்கு விடுமுறை.

மறுவாரம் மருந்துக்கடை அம்மா தனியாக வந்தார். மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"ஓட்டுக் கேட்க வரலீங்க. ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப் எங்க இருக்கணும்? உங்களுக்குத்தான் தெரியும்னாங்க."

டைம் கீப்பர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம் இறங்கி, கட்டுப்போட்ட காலோடு சாலையைத் தாண்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவர் அவர். மேலதிகாரி காதில் போட்டுப் போட்டுக் காதுதான் தேய்ந்தது. கேள்வியாக அதை அவரிடம் கேட்டவர் யாருமில்லை. வக்கீல் மூன்று தடவை வந்திருந்தார். மூன்று தடவையும் அவரே பேசிவிட்டுப் போனார்.

இவர் சொல்லச் சொல்ல அந்த அம்மா குறுக்கே பேசவில்லை. கடைசியில், "பஸ் திரும்ப இடம் போதுமா?" என்று ஒன்று கேட்டார். சரியான கேள்வி.

ஓட்டுச்சாவடியில் விரல் வக்கீல் பக்கம் போனது. அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. சாலை நடுவே ஊன்றுகோலோடு தடுமாறி நின்ற ஒரு மனிதரின் முகமும் வந்தது. விரல் நகர்ந்துவிட்டது.

வீட்டில் மூஞ்சியைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார்.

"வக்கீலுக்குத்தானே?" என்றாள் மனைவி.

"பின்னே?"

"மருந்துக்கடை அம்மாவுக்குன்னு முகத்துல எழுதி ஒட்டியிருக்கு. அவங்களை இங்க வரச் சொன்னதே நான்தான்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் வரும் என்று காத்துப் பார்த்தார். வரவில்லை.

"அப்போ நானும் மத்தவங்க மாதிரிதானா?" என்றார் மெதுவாக.

"மத்தவங்களுக்கு என்ன குறைச்சல்? நம்ம பேச்சை ஒருத்தர் காது கொடுத்துக் கேட்டா, அவங்களை நம்பத் தோணுது. அப்படி நம்பறவங்கல்லாம் கொள்கை இல்லாதவங்களா?"

அவர் சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அந்த அம்மாவை என்கிட்ட மட்டும்தான் அனுப்பினியா?"

"தெருவுல எல்லார் வீட்டுக்கும் போகச் சொன்னேன். மத்தவங்கல்லாம் யோசிச்சுச் சொல்றோம்னாங்களாம். காபி ஆறறதுக்குள்ள விழுந்தது நீங்க ஒருத்தர்தான்."