தானாகக் குணமான கார்

உயிர் உள்ளவரை என் காரின் ஸ்டியரிங்கை என் மனைவி தொடக்கூடாது என்று ஒரு வெள்ளிக்கிழமை முடிவெடுத்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக, அவளிடம் சொல்லவில்லை. எனக்கு வீரம் உண்டு. ஆனால் அது சமையலறை வாசலைத் தாண்டி உள்ளே போகாது.

விஷயம் இதுதான். ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒன்றாம் தேதி சேரவேண்டும். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்கவேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது.

"பன்னெண்டு வருஷம் கழிச்சு வந்த வேலைங்க. இதையும் விட்டா அவ்வளவுதான்," என்றாள். சொல்லும்போது குரல் லேசாக உடைந்தது. "நம்ம கார் சும்மாதானே நிக்குது?"

சும்மாவா! எனக்குச் சுருக்கென்றது. நான் ஆபீஸ் பஸ்ஸில் போகிறேன், வாஸ்தவம். ஆனால் தினமும் மாலை ஆறு மணிக்கு, குடியிருப்பின் கார் நிறுத்தும் அடித்தளத்துக்கு இறங்கி, காரை ஸ்டார்ட் செய்து, கால்மணி நேரம் உள்ளே உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன். பழைய வண்டியை அப்படியே போட்டால் பேட்டரி இறங்கிவிடும். அதற்காக என்று ஊருக்குச் சொல்வேன். உண்மையைச் சொன்னால், இந்த உலகத்தில் நான் பேசும்போது யாரும் குறுக்கே பேசாத ஒரே இடம் அந்த சீட். அதை விட்டுக்கொடுத்தால் நான் எங்கே போவது?

முடியாது என்று நேராகச் சொல்ல நாக்கு வரவில்லை. அதனால் பேயைக் கூப்பிட்டேன்.

கூப்பிடுவது சுலபமாக இருந்தது. வண்டி அப்படி. ரெண்டு லட்சத்து எண்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஓடி, மீட்டர் அதற்கு மேல் நகராமல் மூன்று வருஷமாகச் செத்துக் கிடந்தது. ஸ்டார்ட் செய்தால் பானெட்டுக்குள்ளிருந்து ஒரு பொம்பளை அலறுவதுபோல் சத்தம் வரும். பள்ளத்தில் இறங்கினால் காலுக்கு அடியில் யாரோ தட்டுவார்கள். உள்ளே எப்போதும் பாகு காய்ச்சுவதுபோல ஒரு தித்திப்பு வாசனை. கண்ணாடியில் உட்பக்கமாக மூச்சு விட்டதுபோல் பனி படியும். சாவியை எடுத்த பிறகும் கதவுப் பூட்டு டக், டக் என்று தானாகத் திறந்து மூடும்.

எல்லாம் கிழட்டு வண்டியின் வழக்கமான நோய்கள் என்று மெக்கானிக் ஸ்பானர் அண்ணன் எப்போதோ சொல்லியிருந்தார். நான்தான் சரிசெய்யாமல் வைத்திருந்தேன். இப்போது அது நல்லதாய்ப் போயிற்று.

"உன்கிட்ட ஒரு விஷயம் மறைச்சிட்டேன்," என்று அவளை அடித்தளத்துக்குக் கூட்டிப்போனேன். "இந்த வண்டிய முன்னாடி வெச்சிருந்தவர் ஒரு ஹெட்மாஸ்டர். ஆறடி உயரம். இதுக்குள்ளயேதான் போனார்."

"ஐயையோ! ஆக்சிடென்டா?"

"இல்ல. சிக்னல்ல காத்திருந்து காத்திருந்து."

"பச்சை விழலையா?"

"விழுந்துச்சு. அவர்தான் கிளம்பல."

அந்த நேரம் பார்த்துக் கதவு டக் என்றது. சத்தியமாக நான் ஏற்பாடு செய்யவில்லை. எனக்கே உடம்பு ஒரு தரம் தூக்கிப் போட்டது.

"என்னைத் தவிர வேற யார் ஓட்டினாலும் அவருக்குப் பிடிக்காது. அதான் இந்த அலறல், இந்த வாசனை, இந்தத் தட்டல் எல்லாம். எனக்கு ஒண்ணுமில்லம்மா, உன் உயிர்தான் எனக்கு முக்கியம்."

அவள் கண்ணாடியில் படிந்த பனியை விரலால் தொட்டாள். விரலை மோந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"பாவம் மனுஷன்," என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. அன்று சாப்பாடு எனக்கு அமிர்தமாக இறங்கியது.

திங்கட்கிழமை மாலை வழக்கம்போல் இறங்கினேன். சாவியைத் திருப்பினேன். அலறல் இல்லை.

ஸ்டார்ட் ஆகவில்லையோ என்று மறுபடி பார்த்தேன். ஆகியிருக்கிறது. எஞ்சின் பூனைக்குட்டிபோல உறுமிக்கொண்டிருக்கிறது. ஆறு வருஷமாக அலறிய வண்டி. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். ம்ஹூம். அந்தப் பெரிய அடித்தளத்தில், தூணுக்குத் தூண் நிழலாய்க் கிடக்கும் இடத்தில், அது அலறாமல் இருந்தது அலறலைவிடப் பயமாக இருந்தது.

புதன்கிழமை வாசனை போயிருந்தது. கண்ணாடி துடைத்ததுபோல் பளிச்சென்று இருந்தது. வெள்ளிக்கிழமை மெதுவாக வாசல் பள்ளம்வரை ஓட்டிப் பார்த்தேன். யாரும் தட்டவில்லை. கதவுப் பூட்டு வாயே திறக்கவில்லை. வண்டி என்னையே கவனித்துக்கொண்டு அமைதியாக இருப்பதாகத் தோன்றியது. இறங்கி ஓடியே வந்துவிட்டேன்.

மறுநாள் ஸ்பானர் அண்ணன் பட்டறைக்குப் போனேன். அவர் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். காலைப் பார்த்துப் பேசினேன்.

"அண்ணே, பழைய வண்டி தானா சரியாகுமா?"

கால் ரெண்டும் அசையாமல் நின்றன. "தானா சரியாகறது ஜலதோஷம் மட்டும்தான் சார்."

"அப்போ என் வண்டி?"

"யாரோ பார்த்துக்கறாங்க."

"யாரு?"

"கண்ணுக்குத் தெரியாத கைன்னு வெச்சுக்குங்க. ஆனா நல்ல கை சார். அதோட வம்புக்குப் போகாதீங்க."

சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டார். அந்தக் கால்கள் குலுங்கின. அவருக்கே பயத்தில் நடுக்கம் என்றால் என் கதி என்ன?

அடுத்த வாரம் செத்த மீட்டருக்கு உயிர் வந்தது. மூன்று வருஷமாக 2,86,411-ல் நின்ற எண், அன்று மாலை 2,86,438. மறுநாள் 2,86,465. கார் நின்ற இடத்திலேயே நிற்கிறது. டயரைத் தொட்டேன். சூடாக இல்லை. ஆனால் தினம் இருபத்தேழு கிலோமீட்டர்! கணக்குத் தவறாமல் போய்வர ஹெட்மாஸ்டரால்தான் முடியும்.

அதற்கடுத்த நாள் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட் முன்னால் இழுத்து வைக்கப்பட்டிருந்தது. பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைப் பார்த்தேன். அதுவும் கீழே சாய்ந்து, என் முகத்துக்குப் பதில் என் நெஞ்சைக் காட்டியது. தலை இல்லாத சட்டை ஒன்று அதில் உட்கார்ந்திருந்தது. அது நான்தான் என்று புரிவதற்குள் வெளியே பாய்ந்துவிட்டேன்.

எப்படி மாடி ஏறினேன் என்று தெரியாது.

"என்னங்க, வேர்த்துக் கொட்டுது?"

"இது ஹெட்மாஸ்டர் இல்ல," என்றேன். பல் தந்தியடித்தது. "அவர் ஆறடி. இது குள்ளம். அஞ்சடிதான் இருக்கும்."

"அப்படியா?"

"உன் உயரம்தான்னு வெச்சுக்கயேன்."

"கடவுளே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் ரெண்டும் குலுங்கின. என் பயம் அவளுக்கும் தொற்றிக்கொண்டதே என்று எனக்கு நெஞ்சு உருகிவிட்டது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

குடித்துவிட்டுச் சொன்னாள். "எனக்கு ஒண்ணு தோணுதுங்க. அது வண்டியைப் பிடிச்ச பேயா, வண்டிக்காரரைப் பிடிச்ச பேயா?"

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. நாற்காலியில் அப்படியே சரிந்தேன்.

"வண்டி உங்க பேர்ல இருக்கிறவரைக்கும் அது உங்களைத்தானே தேடும்? இன்னிக்கு சீட்டு வரைக்கும் வந்துருக்கு. நாளைக்கு?"

"நாளைக்கு?" என்றேன், கிணற்றுக்குள்ளிருந்து.

"வேற பேருக்கு மாத்திட்டா உங்களை விட்டுடும். ஆனா தெரிஞ்சே யார் வாங்குவா? வேணாம்ங்க. நான் ஒருத்தி இருக்கேனே, என் பேருக்கு மாத்துங்க. உங்களுக்கு வர்றது எனக்கு வந்துட்டுப் போகட்டும்."

இப்படிப்பட்ட மனைவி யாருக்குக் கிடைப்பாள்? ஒரு நல்ல புருஷன் என்ன செய்திருப்பான்? கூடாது என்று கத்தியிருப்பான். நான் பேனா எங்கே என்று கேட்டேன். கையெழுத்துப் போடும்போது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கை நிற்கவில்லை. பெயர் மாற்றும் படிவம் எழுத்துப் பிசகாமல் நிரப்பப்பட்டு, தேதிவரை போடப்பட்டு, அலமாரியில் எப்படித் தயாராக இருந்தது என்று கேட்கத் தோன்றவே இல்லை.

அன்றிரவு பல நாட்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒன்றாம் தேதி விடிந்தும் விடியாமலும் விழிப்பு வந்தது. பக்கத்தில் அவள் இல்லை. கீழே அடித்தளத்திலிருந்து ஒரு எஞ்சின் மெல்லக் கிளம்பும் சத்தம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேயைத் தூக்கி அவள் தலையில் கட்டிவிட்டேனே! பாவி! செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். எனக்கு அவள் வேண்டும். வண்டி போனால் போகட்டும், அவள் இல்லாத வீட்டில் நான் ஒரு நாள்கூட இருக்கமாட்டேன் என்று படிக்குப் படி சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

அடித்தளத்தில் புகைமூட்டமாக விடியல் நுழைந்திருந்தது. என் கார் விளக்குகள் எரிய நகர்ந்து வந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் வெள்ளையாய் ஓர் உருவம். கழுத்திலிருந்து கைவரை வெள்ளை. கார் என் முன்னால் வந்து நின்றது. கண்ணாடி தானாக இறங்கியது.

"இப்படிக் குறுக்கே வந்து விழறீங்களே, பிரேக் நல்லா இருந்ததால பிழைச்சீங்க," என்றது உருவம்.

பரிசோதனைக் கூடத்தின் வெள்ளை கோட்டில் என் மனைவி.

"நீயா? உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"லைசென்ஸ் வாங்கி மூணு வருஷம் ஆச்சு. நீங்க கேட்டதே இல்ல."

"அப்போ அந்த அலறல்?"

"பெல்ட் தேஞ்சு வழுக்கிச்சு. ஸ்பானர் அண்ணன் பக்கத்துல நின்னார், நானே மாத்தினேன். தட்டினது சக்கரத்துக்கிட்ட தேஞ்சுபோன ரப்பர் புஷ். தித்திப்பு வாசனையும் கண்ணாடில பனியும், எஞ்சினைக் குளிர வைக்கிற கூலன்ட் ஹீட்டர் குழாய்ல ஒழுகினது. நரம்பு தேடி ஊசி போடறவளுக்கு ஓட்டைக் குழாய் தேடறது பெரிய வேலையா?"

"மீட்டரு?"

"உள்ள ஒரு பல்சக்கரம் உடைஞ்சிருந்துச்சு. மாத்தினதும் ஓடுது. தினம் மத்தியானம் வேலை இடம்வரைக்கும் போய்ப் பழகினேன். அதான் இருபத்தேழு."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கோபப்படலாம் என்றால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அவள் நலமாக இருக்கிறாள் என்ற சந்தோஷம் வேறு பாழாய்ப்போன கோபத்தை எழவிடவில்லை.

"சரி, போகட்டும். என்னை ஆபீஸ் பஸ் நிக்கிற இடத்திலயாவது இறக்கி விடு. சட்டை மாட்டிட்டு வந்துடறேன்."

"சீக்கிரம் வாங்க. நான் ஆறு மணிக்கு அங்க இருக்கணும்."

ஓடிப்போய் உடுத்திக்கொண்டு ஓடிவந்தேன். முன்பக்கக் கதவைத் திறக்கப் போனேன். டக். பூட்டிக்கொண்டது.

"அங்க இல்லைங்க, பின்னாடி ஏறுங்க," என்றாள்.

"ஏன்? முன்னாடி காலியாத்தானே இருக்கு?"

அவள் கையை நீட்டி, காலியாக இருந்த அந்தப் பக்கத்து சீட்டுக்கு பெல்ட்டை இழுத்து, பக்குவமாக மாட்டிவிட்டாள். "இறுக்கமா இல்லையே ஹெட்மாஸ்டர் சார்?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.